ஏலத்துல வர்ற மினி கூப்பர் எஸ் ஒரிஜினலா, செஞ்சதா? இப்படி பாருங்க

ஏப்ரல் சீசன்ல நுவரெலியா வந்து மஹகஸ்தோட்ட ஹில் கிளைம் (மலையேத்த கார் ரேஸ்) பார்த்தவங்களுக்கு பழைய மினி மேல ஒரு கிறுக்கு வராம இருக்காது, அதுலயும் மான்டி கார்லோ ரேலிய 1964, 65, 67னு மூணு தடவ ஜெயிச்ச கூப்பர் எஸ் (மினியோட வேகமான மாடல்) வண்டின்னா கேக்கவே வேணாம். அதனாலதான் தொரை பங்களா கராஜ்ல கெடந்த சாதா 850 மினிக்கு ரெண்டு கார்புரேட்டர் போட்டு, பின்னாடி எஸ் பேட்ஜ ஒட்டி ஏலத்துக்கு கொண்டு வர்றாங்க. பேட்ஜ் காசு குடுத்தா கெடைக்கும், அத விடுங்க.

மொதல்ல சேஸி நம்பர். போனட்ட தூக்குனா முன்னாடி லாக் இருக்கிற எடத்துல பிளேட் இருக்கும். மார்க் 1 (மொத மாடல்) ஆஸ்டின் கூப்பர்னா சி-ஏ2எஸ்7, மொரிஸ் கூப்பர்னா கே-ஏ2எஸ்4னு ஆரம்பிக்கணும். ஏ-ஏ2எஸ்7, எம்-ஏ2எஸ்4னு இருந்தா அது பொறந்ததே சாதா மினி, பேச்சே இல்ல. ஆனா சாதா கூப்பருக்கும் எஸ்-க்கும் ஒரே எழுத்துதாங்க, அதனால சி-யோ கே-யோ பார்த்துட்டு துள்ள வேணாம். பிளேட்டும் கழட்டி மாட்டுற சாமான்தான், சுத்தி புது பெயிண்ட் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

என்ஜின்தான் முக்கியம். எஸ் 1963ல 1071 சிசியோட வந்துச்சு, அடுத்த வருஷம் 970-ம் 1275-ம். நம்ம பக்கம் 1275ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. டைனமோவுக்கு மேல இருக்கிற நம்பர்ல நடுவுல SA-Yன்னு வருதான்னு பாருங்க. அப்புறம் ஹெட்: அத பிளாக்கோட புடிக்கிறதுக்கு சாதா என்ஜின்ல 9 ஸ்டட், எஸ்-ல 10 ஸ்டட்டும் கூட ஒரு போல்ட்டும். அதோட விட்ராதீங்க, பின்பக்கம் மேனிஃபோல்டுக்கு கீழ கைய விட்டு தடவிப் பாருங்க, எஸ் பிளாக்ல கழட்டுற மாதிரி ரெண்டு டேப்பட் கவர் இருக்கும், பிற்காலத்துல வந்த மினி 1275 ஜிடி பிளாக்ல அந்த எடம் மொட்டையா வார்ப்போட மூடியிருக்கும். ஜிடி என்ஜின போட்டுட்டு எஸ்னு விக்கிறதுதான் ரொம்ப நடக்குற வேல.

அடுத்து கார்பெட்ட தூக்குங்க. 850-க்கு நீட்டுக் கம்பி மாதிரி கியர் லீவர், கூப்பருக்கு ரிமோட் (கியர்பாக்ஸோட லீவர இணைக்கிற பெட்டி) வச்ச குட்டை லீவர், அதனால மாத்துன வண்டியில தரைய வெட்டி வெல்டிங் அடிச்ச தடம் அடியில கண்டிப்பா தெரியும். நம்ம ஊரு மழைக்கும் பனிக்கும் கதவுக்கு கீழ இருக்கிற சில் தகடும் பூட் தரையும் உளுத்து டிங்கரிங் பண்ணியிருப்பாங்க, அது பரவால்ல, வெட்டுன எடம் எதுன்னு டிங்கரிங் பாஸ்கிட்ட காட்டி கேளுங்க. 1966லருந்து எஸ்-க்கு ரெண்டு பெட்ரோல் டேங்க், ஆயில் கூலர் எல்லாம் கம்பெனியிலயே வந்துச்சு. ஏழரை இஞ்சி டிஸ்க் பிரேக், பிரேக் சர்வோ இதெல்லாம் இருந்தா சந்தோஷம், இல்லன்னா கேள்வி கேளுங்க, ஆனா போல்ட் போட்டு மாட்டுறது எதுவும் சாட்சி இல்ல.

பேப்பருக்கு வாங்க. இங்கிலாந்துல கேடன் மியூசியத்துல ஹெரிடேஜ் சர்ட்டிபிகேட் எடுக்கலாம், சேஸி நம்பர், என்ஜின் நம்பர், கலர், செஞ்ச தேதி, எந்த நாட்டுக்கு அனுப்புனதுன்னு ஃபேக்டரி ரெக்கார்ட்லருந்து தருவாங்க. அத சிஆர் புக்கோட (வண்டியோட பதிவுப் புத்தகம்) வச்சு ஒப்பிட்டு, அப்புறம் வண்டியில இருக்கிற நம்பரோட ஒவ்வொரு எழுத்தா பாருங்க. சர்ட்டிபிகேட் இல்லன்னா ஏலத்துக்கு முன்னாடியே விக்கிறவர எடுக்கச் சொல்லுங்க. இழுத்தடிச்சார்னா நல்ல சாதா மினிக்கு என்ன குடுப்பீங்களோ அதுக்கு மேல கைய தூக்காதீங்க. சேஸி சரியா இருந்து என்ஜின் மட்டும் வேற எஸ் என்ஜின்னா கொறச்சு கேட்டு வாங்கலாம், நான்னா வாங்குவேன்.