1974-ல் நடக்கும் கொள்ளைப் படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

லாக்கரை எப்படி உடைப்பது என்பதில் தொடங்க வேண்டாம். ஆட்களில் தொடங்குங்கள். நான்கு பேர் போதும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் 120 பக்கம்தான் கையில் இருக்கிறது. ஆள் கூடினால் யாருக்கும் உருப்படியான சீன் மிஞ்சாது.

ஒவ்வொருவருக்கும் மூன்று வரி: பணம் எதற்கு, எந்த வேலையில் கில்லாடி, எந்தக் குணத்தை அடக்க முடியாது. மூன்றாவது வரிதான் படம். திட்டம் அதனால்தான் உடைய வேண்டும். தப்பிக்கும்போது டயர் பஞ்சரானால் அது வெறும் தற்செயல். வழுக்கையாகிவிட்ட டயரை மாற்றக் காசு கொடுக்காத கஞ்சன் கூட்டத்தில் இருந்தால், அதே பஞ்சரைப் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார்.

"எழுபதுகள்" என்று பொத்தாம்பொதுவாக வைக்காமல் ஒரே ஆண்டைப் பிடியுங்கள். பீரியட் படம் என்றதும் பலருக்கு பெல்பாட்டமும் கிருதாவும்தான் நினைவுக்கு வரும். அதை ஆர்ட் டைரக்டர் பார்த்துக்கொள்வார். எழுதுபவருக்கு உதவுவது அன்று இல்லாத பொருட்கள். கையடக்க மொபைல் போன் கடைக்கு வந்தது 1983-84 வாக்கில். டி.என்.ஏ. சோதனை குற்ற விசாரணைக்கு வந்தது 1986-ல். வாக்கிடாக்கி உண்டு, ஆனால் தடித்த கான்கிரீட் அறைக்குள் அதை நம்ப முடியாது. ஆக, உள்ளே போனவனுக்கும் வெளியே வண்டியில் இருப்பவனுக்கும் நடுவே இருப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே: "20 நிமிஷத்துல வரலைன்னா கிளம்பிடு." 21-வது நிமிடத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதில் மூன்றாவது வரி வெளிவரும்.

டைம் லாக்கை விட்டுவிடாதீர்கள். 1870-களிலேயே வந்துவிட்ட பூட்டு. மேலாளர் பயந்துபோய் நம்பரைச் சொன்னாலும், குறித்த மணிக்கு முன் திறக்காது. துப்பாக்கியோடு காத்திருக்கும் அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் பேசியே ஆக வேண்டும். வசனத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

திட்டத்தை முன்கூட்டியே முழுசாக விளக்கினால், அது பிசக வேண்டும். பிசகாமல் நடக்கப்போகிறது என்றால் விளக்காதீர்கள். ஒரே திட்டத்தை இரண்டு தடவை பார்த்தால் சலிக்கும்.

முதல் பிரதி முடிந்ததும் வசனங்களுக்கு மேலிருக்கும் பெயர்களை மறைத்துவிட்டு இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். யார் பேசுவது என்று அவர் தடுமாறும் பக்கங்களைக் குறித்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் மூன்றாவது வரியைத் திருத்திவிட்டு எழுதுங்கள்.