கொரோனா முன்பணம்: பி.எஃப். கணக்கிலிருந்து வீட்டில் இருந்தபடியே பணம் எடுப்பது எப்படி? (ஜூன் 2021 நிலவரம்)

பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) கணக்கிலிருந்து கொரோனாவுக்கென்று முன்பணம் எடுக்கும் வசதி 2020 மார்ச் 28 முதல் இருந்தது; 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். கீழே உள்ளதெல்லாம் 2021 ஜூனில் இருந்த நடைமுறை. இரண்டாம் அலை வந்ததும், இன்னொரு முறையும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2021 மே 31 அன்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிவித்தது. 2020-ல் எடுத்தவர்களும் மறுபடி எடுக்கலாம் என்றார்கள். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வருமான வரி கிடையாது, இத்தனை வருஷ சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. முதலாளியின் கையெழுத்தோ, கொரோனா வந்ததற்கான சான்றிதழோ கேட்கமாட்டார்கள். வேலை போனவர்களும், கணக்கை முடிக்காமல் வைத்திருந்தால், விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் போடுவது பத்து நிமிஷ வேலை. கிளெய்ம் திரும்பி வந்தால், பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே இருந்திருக்கும்: ஆதார், யுஏஎன் (பி.எஃப். உறுப்பினருக்கான தனி எண்), வங்கி மூன்றிலும் பெயர் ஆளுக்கொரு மாதிரி பதிவாகியிருக்கும். அதனால் முதலில் சரிபார்ப்பு, பிறகு விண்ணப்பம்.

எவ்வளவு கிடைக்கும்?

இரண்டு தொகைகளைக் கணக்குப் போடுங்கள். ஒன்று, மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். இன்னொன்று, பி.எஃப். இருப்பில் 75 சதவீதம். இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு.

பேசிக்கும் டிஏவும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய், இருப்பு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 36,000. இருப்பில் 75 சதவீதம் 45,000. கிடைப்பது 36,000. இதே ஆளுக்கு இருப்பு 20,000 மட்டும் என்றால் 15,000தான் வரும். கைக்கு வரும் மொத்தச் சம்பளத்தை மூன்றால் பெருக்கிவிட்டு, "குறைத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இருப்பைப் பார்க்க பி.எஃப். பாஸ்புக் தளத்தைத் திறந்தால் மூன்று பத்திகள் இருக்கும்: உங்கள் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன். பென்ஷன் பத்தியை விட்டுவிடுங்கள், அதிலிருந்து முன்பணம் தரமாட்டார்கள். 12,000 பேசிக் உள்ளவருக்கு உங்கள் பங்கில் 1,440 ஏறும். முதலாளி கட்டும் 1,440-ல் 1,000 பென்ஷனுக்குப் போய், மீதி 440தான் முதலாளி பத்தியில் தெரியும். 2020 மே, ஜூன், ஜூலை மாதங்களில் அது 200 ஆகவும், உங்கள் பங்கு 1,200 ஆகவும் இருந்தால் பதற வேண்டாம். அந்த மூன்று மாதமும் பங்களிப்பை 12-லிருந்து 10 சதவீதமாக அரசே குறைத்திருந்தது.

இணையம் இல்லாதவர்கள், யுஏஎன்னில் பதிவான கைபேசியிலிருந்து, 2021-ல் இருந்த 011-22901406 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வந்தது.

ஒரு வார்த்தை: உச்சவரம்பு வரை எடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2020-21-ன் 8.5 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், எடுக்கும் 30,000 ரூபாய் இருபது வருஷத்தில் சுமார் ஒன்றரை லட்சமாகியிருக்கும். வாடகைக்கும் மருந்துக்கும் எடுங்கள்; தவணையில் வண்டி வாங்குவதற்கு இதைத் தொடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

யுஏஎன் என்பது 12 இலக்க எண், சம்பளச் சீட்டிலேயே இருக்கும். இதுவரை ஆக்டிவேட் செய்யவில்லை என்றால், பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தின் முகப்பில் 'ஆக்டிவேட் யுஏஎன்' என்ற இணைப்பை அழுத்தி, ஓடிபி கொடுத்து முடித்துவிடுங்கள். கடவுச்சொல் குறுஞ்செய்தியில் வரும்.

உள்ளே போனதும் 'வியூ' பட்டியலில் 'ப்ரொஃபைல்' பக்கத்தைத் திறந்து, ஆதார் அட்டையையும் வங்கிப் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் பெரிய தொல்லை இனிஷியல்தான். ஆதாரில் 'முருகன் எஸ்', வங்கியில் 'எஸ். முருகன்', பி.எஃப்.பில் அப்பா பெயரை விரித்து 'முருகன் செல்வம்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆதாரில் உள்ளபடியே பி.எஃப்.பிலும் இருக்கட்டும். மாற்ற வேண்டுமென்றால் 'மேனேஜ்' பட்டியலில் 'மாடிஃபை பேசிக் டீடெய்ல்ஸ்' மூலம் கோரிக்கை கொடுக்க வேண்டும். முதலில் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு பி.எஃப். அலுவலகம். பிறந்த தேதி மாறியிருந்தால், வித்தியாசம் மூன்று வருஷத்துக்குள் இருக்கும்வரை ஆதாரையே சான்றாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து 'மேனேஜ்' பட்டியலில் 'கேஒய்சி', அதாவது உங்கள் அடையாள, வங்கி விவரங்கள். ஆதார், வங்கிக் கணக்கு இரண்டும் ஒப்புதல் பெற்ற பட்டியலில் இருக்க வேண்டும். வங்கி விவரம் 'பெண்டிங்' என்று நின்றால், கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஊரடங்கில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தாலும் அந்தக் கையெழுத்தை வீட்டிலிருந்தே போட முடியும் என்பதால், ஹெச்.ஆரையோ கணக்காளரையோ போனில் பிடியுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் நினைவூட்டுங்கள்.

வேறு வங்கியோடு இணைக்கப்பட்ட வங்கியில் கணக்கு உள்ளவர்கள் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை (வங்கிக் கிளையின் அடையாளக் குறியீடு) கட்டாயம் பார்க்க வேண்டும். ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி இரண்டும் யூனியன் வங்கியோடு சேர்ந்து, பழைய குறியீடுகள் 2021 ஏப்ரல் 1 முதல் செல்லாது. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்ததால், அதன் பழைய குறியீடு 2021 ஜூலை 1 முதல் செல்லாது. கணக்கு எண் அதேதானே என்று விட்டுவிட்டால் பணம் போய்த் திரும்பும். கேஒய்சி பக்கத்தில் புதுக் குறியீட்டோடு வங்கி விவரத்தை மறுபடி பதிந்து ஒப்புதல் வாங்குங்கள்.

கடைசியாக, ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது? இறுதி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், யுஏஎன்னில் உள்ள எண்ணுக்கு அல்ல. பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்கள் ஆதார் மையத்துக்குப் போய்க் கட்டணம் கட்டி எண்ணை மாற்றிய பிறகே விண்ணப்பிக்க முடியும்.

செக் அல்லது பாஸ்புக் படம்

இதை அலட்சியமாக எடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். செக்கில் உங்கள் பெயர் அச்சாகி இருக்க வேண்டும். பெயரில்லாத செக் என்றால் வேண்டாம். பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி மூன்றும் அச்சில் உள்ள பாஸ்புக் முதல் பக்கம் போதும். பேனாவால் எழுதிய பாஸ்புக் என்றால் வங்கியில் கொடுத்து அச்சடித்து வாங்குங்கள்.

பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் எடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட பக்கத்தில் ஃப்ளாஷ் அடித்தால் கணக்கு எண்ணின் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். ஜேபிஜி கோப்பாக, 100 கேபிக்கு மேல் 500 கேபிக்குள் இருக்க வேண்டும். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பிய படம் சுருங்கி 100 கேபிக்குக் கீழே போய்விடுவதுண்டு. அனுப்பத்தான் வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

விண்ணப்பம் போடும் முறை

திரையில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். வரிசை இது:

1. உறுப்பினர் தளத்தில் யுஏஎன், கடவுச்சொல், கேப்சா கொடுத்து நுழையுங்கள்.
2. 'ஆன்லைன் சர்வீசஸ்' பட்டியலில் 'கிளெய்ம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் 31, 19, 10சி என்று படிவ எண்கள் இருக்கும்.
3. வங்கிக் கணக்கு எண்ணை அடித்து 'வெரிஃபை' அழுத்துங்கள். உறுதிமொழிப் பெட்டி வரும், 'யெஸ்' கொடுங்கள். பிறகு 'ப்ரொசீட் ஃபார் ஆன்லைன் கிளெய்ம்'.
4. எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்ற இடத்தில் 'பிஎஃப் அட்வான்ஸ், ஃபார்ம் 31'. அவசரத்தில் 19-ஐ அழுத்திவிடாதீர்கள், அது கணக்கையே முடிப்பதற்கான படிவம்.
5. காரணங்களின் பட்டியலில் 'அவுட்பிரேக் ஆஃப் பேண்டமிக், கோவிட்-19'. 'இல்னெஸ்' என்றும் ஒன்று அதே பட்டியலில் இருக்கும். அது வேறு பிரிவு, தொகையைக் கணக்கிடும் முறையும் வேறு.
6. தேவைப்படும் தொகை, படம், முகவரி.
7. சம்மதப் பெட்டியில் டிக் போட்டு, ஆதார் ஓடிபி வாங்கிச் சமர்ப்பியுங்கள்.

ஒரு கிளெய்ம் நடப்பில் இருக்கும்போது அதே காரணத்துக்கு மறுபடி போட்டால் ஏற்காது. தளம் இழுத்தடித்தால் இரவு பத்து மணிக்கு மேல் முயலுங்கள், அல்லது மத்திய அரசின் உமங் செயலியில் இதே வேலையை முடியுங்கள். கம்பெனியே டிரஸ்ட் வைத்து பி.எஃப். நடத்தினால் இந்த வழி உதவாது. அந்த டிரஸ்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கு அரசுக் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. பிரவுசிங் சென்டரில் செய்தால் அவர்கள் உழைப்புக்குக் கொடுங்கள், ஆனால் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஓடிபியை நீங்களே அடியுங்கள். பி.எஃப். ஆபீசிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்டு யார் கூப்பிட்டாலும் போனை வையுங்கள்.

போட்ட பிறகு

'ஆன்லைன் சர்வீசஸ்' பட்டியலில் 'ட்ராக் கிளெய்ம் ஸ்டேட்டஸ்' பாருங்கள். கேஒய்சி எல்லாம் சரியாக உள்ளவர்களுக்கு மூன்று நாளில் முடிப்பதாக பி.எஃப். நிறுவனம் சொல்கிறது, மற்றவர்களுக்கு 20 நாள் வரை ஆகலாம். 'செட்டில்ட்' என்று காட்டிய பிறகு பணம் வங்கியில் ஏற ஓரிரு நாள் பிடிக்கும்.

'ரிஜெக்டட்' என்றால் காரணம் அங்கேயே எழுதியிருக்கும். படம் தெளிவில்லை என்றால் புதுப் படத்தோடு அன்றே மறுபடி போடலாம். பெயர் ஒத்துவரவில்லை என்றால் அதைத் திருத்தாமல் மறுபடி மறுபடி போட்டுப் பயனில்லை.

'செட்டில்ட்' ஆகி ஒரு வாரமாகியும் பணம் வரவில்லையா? வங்கி திருப்பி அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். புதுக் கிளெய்ம் போடாதீர்கள். கேஒய்சியில் வங்கி விவரத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்கிய பிறகு, கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு, திரும்பிய தொகையை மறுபடி அனுப்பும்படி உங்கள் மண்டல பி.எஃப். அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று மெம்பர் ஐடியின் (உங்கள் பி.எஃப். கணக்கு எண்) முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளே சொல்லிவிடும்: 'எம்டிஎம்டியு' என்றால் மதுரை, 'சிபிசிபிஇ' என்றால் கோவை. நேரில் போக முடியாவிட்டால் பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் பதியுங்கள். 2021-ல் இருந்த கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 118 005. புகார் எண்ணைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், அடுத்த முறை பேசும்போது முதலில் கேட்பது அதைத்தான்.