மென்மையான இங்கிலீஷ் பைப் கலவையைச் சுவைத்து அறியும் முறை

‘இங்கிலீஷ்’ வகைப் பைப் புகையிலையின் டின் ஒன்றை முதன்முறையாகத் திறப்பவர், மூடியில் ‘மைல்டு’ என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளிருந்து எழும் அணைந்த விறகின் வாசனையில் சற்றே திகைத்துப்போவது வழக்கம். அந்த வாசனைக்கும் மூடியில் உள்ள சொல்லுக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. இவ்வகைக் கலவைகளில் மென்மை என்பது பெரும்பாலும் ஒன்றைத்தான் குறிக்கிறது: லட்டாக்கியா என்னும் புகையூட்டிய கரிய இலை அதில் குறைவாகச் சேர்ந்திருக்கிறது. நிக்கோட்டின் எவ்வளவு என்பதை அந்தச் சொல் தெரிவிப்பதில்லை. தீங்கு குறைவு என்ற பொருள் அதற்கு அறவே கிடையாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே வைத்து வெளிவிடுபவர்களுக்கும் உதடு, வாய், தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு, நிக்கோட்டினுக்கு அடிமையாகும் வாய்ப்பும் உண்டு. ஆகவே இவ்வழிகாட்டி ஏற்கெனவே பைப் பிடிக்கும் வயதுவந்தவர்களுக்கு மட்டுமே உரியது. புதிதாகத் தொடங்க யாரையும் இது அழைக்கவில்லை.

பெயரின் பின்னணியைத் தெரிந்துகொண்டால் சுவையைப் புரிந்துகொள்வது எளிதாகும். பிரிட்டனில் புகையிலையோடு இனிப்பூட்டிகளையும் வாசனைப் பொருள்களையும் சேர்ப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. வெனிலாவையோ செர்ரியையோ ஊற்றி மணமூட்ட முடியாத நிலையில், வெவ்வேறு மண்ணில் விளைந்து வெவ்வேறு முறையில் பதப்படுத்தப்பட்ட இலைகளைச் சேர்க்கும் விகிதத்திலேயே கலவைக்காரர் தம் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது. 1907-இல் லண்டனின் டியூக் தெருவில் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் ஏற்பக் கலந்துகொடுத்துப் பெயர் பெற்றார். இன்று டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் தயாராகும் கலவைகளும் ‘இங்கிலீஷ்’ என்றே விற்கின்றன. லட்டாக்கியா இருந்தாலே அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. கறாராகப் பார்த்தால் இது பிழையான வழக்கு. லட்டாக்கியா இல்லாத வெறும் வர்ஜீனியாவும் பழைய பொருளில் இங்கிலீஷ் புகையிலைதான்.

மூன்று இலைகளைத் தனித்தனியே அறியாமல் இக்கலவைகளைப் பற்றிப் பேசுவது வீண். அடித்தளம் வர்ஜீனியா. சூடேற்றிய கொட்டகையில் சில நாள்களுக்குள் உலர்த்தப்படுவதால் இதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இலையிலேயே தங்கிவிடுகிறது. வெளிர்மஞ்சள் இலை வைக்கோலையும் எலுமிச்சைத் தோலையும் நினைவூட்டும்; சிவந்த இலை ரொட்டியின் மேலோட்டையும் உலர்பழத்தையும் நினைவூட்டும். இனிப்பு இதன் பலம். வேகமாகப் புகைத்தால் சூடேறி நாக்கைச் சுடுவது இதன் குறை.

இரண்டாவது ஓரியண்டல். துருக்கி, கிரேக்கம், பால்கன் நாடுகள் ஆகியவற்றின் வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் விளைந்து வெயிலில் உலர்த்தப்படும் சிற்றிலை வகைகள் இவை. இஸ்மிர், சாம்சுன், ஸாந்தி என்று ஊர்ப்பெயர்களாலேயே அறியப்படுகின்றன. மெல்லிய புளிப்பும் உலர்ந்த மூலிகையின் வாசமும் சில வேளைகளில் பூவின் சாயலும் இவற்றுக்கு உண்டு. கலவையில் முதலில் யார் கண்ணுக்கும் படாதது இதுதான். இல்லாவிட்டால் முதலில் குறை தெரிவதும் இதுதான்.

மூன்றாவது லட்டாக்கியா. சிரியாவின் துறைமுக நகரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸ் வகையே. வெயிலில் உலர்த்திய ஓரியண்டல் இலையை மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, மணமுள்ள மரங்களையும் புதர்களையும் கனலவைத்து வாரக்கணக்கில் புகையூட்டுவார்கள். இலை கறுத்து, தன் இனிப்பை இழந்து, தோல், தார், சாம்பிராணி ஆகியவற்றை ஒத்த நெடியைப் பெறுகிறது. சீனத்தின் லாப்சாங் சூச்சாங் தேநீரைக் குடித்தவர்களுக்கு இந்த நெடி புதிதாகத் தோன்றாது. நெடி பெரிதாயினும் நிக்கோட்டின் இதில் குறைவு; மெதுவாகவும் குளிர்ச்சியாகவும் கனலும். அதனால்தான் சிறிதளவு லட்டாக்கியா வர்ஜீனியாவின் சூட்டைத் தணிக்கிறது.

மென்மையான கலவையில் லட்டாக்கியாவின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை என்று கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போது கலவையின் இயல்பே மாறிவிடுகிறது. அங்கே லட்டாக்கியா பேசும், மற்றவை கேட்டுக்கொண்டிருக்கும். மென்மையான கலவையைத் தேர்ந்தெடுக்க நிறத்தைப் பார்ப்பதே எளிய வழி. மஞ்சளும் பழுப்பும் பரவலாக இருந்து கரிய இழைகள் ஆங்காங்கே தெரிந்தால் அது மென்மையானது. ஆயினும் கறுப்பாக இருப்பதெல்லாம் லட்டாக்கியா அன்று. ஆவியில் பதப்படுத்திய கேவண்டிஷ் என்னும் புகையிலையும் கறுப்பாகவே இருக்கும், ஆகவே மூக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பழகிய எடுத்துக்காட்டு வேண்டுமானால், முன்பு டன்ஹில் பெயரிலும் இப்போது பீட்டர்சன் பெயரிலும் வரும் ‘எர்லி மார்னிங் பைப்’பைச் சொல்லலாம்; நாளின் முதல் பைப்புக்கு உகந்தது என்று பெயரே அறிவிக்கிறது. அதே வரிசையில் வரும் ‘நைட்கேப்’ எதிர்முனையில் நிற்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் புகைத்துப் பார்ப்பவருக்கு, லட்டாக்கியாவின் அளவு என்ன செய்கிறது என்பதை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

டின்னிலிருந்து எடுத்த புகையிலை பெரும்பாலும் தேவைக்கு மேல் ஈரமாக இருக்கும். ஒரு பைப்புக்கு வேண்டிய அளவைத் தாளில் பரப்பிக் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை ஆறவிட்டு, விரல்களுக்கிடையே அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது, அழுத்தியபின் மெல்லத் தானே விரிந்தால் பதம். ஈர இலை ஆவியை உண்டாக்கும், அந்த ஆவி நாக்கைச் சுடும். மென்மையான கலவைகளில் வர்ஜீனியாவே பெரும்பங்கு என்பதால் இந்தப் பதத்தில் பிழைத்தால் மற்ற எதுவும் கைகொடுக்காது. ‘மைல்டு என்று வாங்கினேன், நாக்கு வெந்துபோயிற்று’ என்று குறைசொல்பவர்களில் பலர் உண்மையில் குறைசொல்ல வேண்டியது ஈரத்தையும் தம் அவசரத்தையும்தான்.

கிண்ணத்தை மூன்று தவணைகளில் நிரப்புவது பழைய முறை: முதலில் குழந்தையின் கைபோல் இலேசாக, அடுத்து பெண்ணின் கைபோல், கடைசியில் ஆணின் கைபோல் அழுத்த வேண்டும் என்பார்கள். உவமை எப்படியிருந்தாலும், நெருப்பு வைக்குமுன் இழுத்துப் பார்க்கும்போது சிறிதே தடை தெரிந்தால் போதும். முதல் தீக்குச்சியின் வேலை மேற்பரப்பைக் கருக்குவது மட்டுமே. இழைகள் எழும்பி நிற்கும், அவற்றை டாம்பர் என்னும் சிறு அழுத்துகோலால் இலேசாகப் படியவைத்து இரண்டாம் முறை பற்றவைக்க வேண்டும். இடையில் அணைந்துபோனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அணையாமல் காப்பதற்காக வேகமாக இழுப்பதைவிட இருமுறை மீண்டும் பற்றவைப்பது நாக்குக்கு நல்லது.

இனி சுவைப்பது. முதல் சில இழுப்புகளில் லட்டாக்கியாவே முன்னே வந்து நிற்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. கிண்ணத்தின் மூன்றில் ஒரு பங்கு எரிந்தபின் மூக்கு அந்த நெடிக்குப் பழகி அதைப் பின்னணியாக ஒதுக்கிவிடும், அதன்பிறகே வர்ஜீனியாவின் இனிப்பும் அதன் ஓரத்தில் ஓரியண்டலின் புளிப்பும் தெரியத் தொடங்கும். மென்மையான கலவையின் உண்மையான பகுதி இந்த நடுக்கட்டமே. அப்போது வேகத்தை இன்னும் குறைத்து, நிமிடத்துக்கு ஓரிரு சிறு இழுப்புகள் என்ற அளவில், கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் இதமாக இருக்கும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால், சுவை ஏற்கெனவே போய்விட்டது. கீழே வைத்து ஆறவிடுவதே வழி. வாயிலுள்ள புகையில் சிறு பகுதியை மூக்கு வழியாக விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. மணங்களைப் பிரித்தறிய அது உதவும், ஆனால் புகையை உள்ளே இழுக்காமல் செய்ய வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஈரமும் எண்ணெயும் அடியில் தேங்கிக் கசப்பு வரும். அடிவரை எரித்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை.

காதால் கேட்டதைக் கையால் சோதிக்க விரும்புபவர், வர்ஜீனியா ஏழு பங்கு, ஓரியண்டல் இரண்டு பங்கு, லட்டாக்கியா ஒரு பங்கு என்று எடைபோட்டு, வாசனை கலக்காத இலைகளைக் கொண்டு சிறு கலவை ஒன்றைத் தாமே செய்து பார்க்கலாம். மூடிய கண்ணாடிக் குப்பியில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால் இலைகள் ஒன்றோடொன்று இணங்கிவரும். அடுத்த முறை வர்ஜீனியாவில் ஒரு பங்கைக் குறைத்து லட்டாக்கியாவில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள். பத்தில் ஒன்று என்பது பத்தில் இரண்டாக மாறும் சிறிய கணக்குதான். ஆனால் இனிப்பு எவ்வளவு பின்வாங்குகிறது என்பது வியப்பூட்டும். ஓரியண்டலை அறவே நீக்கியும் ஒருமுறை கலந்து பாருங்கள்: புகையும் இனிப்பும் தனித்தனியே நிற்கும், இரண்டையும் சேர்க்கும் கண்ணி இருக்காது.

லட்டாக்கியாவின் மணம், பைப் செய்யப் பயன்படும் பிரையர் மரத்தில் ஊறிவிடும் இயல்புடையது. ஆகவே இவ்வகைக்கென்று ஒரு பைப்பை ஒதுக்குவது நல்லது. ஒவ்வொரு முறையும் புகைத்து முடித்து, பைப் ஆறியபின் பைப் க்ளீனரை உள்ளே விட்டுத் துடைத்து, ஒரு நாளாவது அதற்கு ஓய்வு தர வேண்டும். சேமித்துவைக்க எண்ணுபவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: காற்றுப் புகாத குப்பியில் ஆண்டுகள் செல்லச் செல்ல வர்ஜீனியா இனிமை கூடி முதிரும், லட்டாக்கியாவோ தன் கூர்மையை மெல்ல இழக்கும். லட்டாக்கியா முதலிலேயே குறைவாக உள்ள மென்மையான கலவையைப் பல ஆண்டுகள் வைத்திருந்து திறந்தால், அதில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் புகைச்சாயல் படிந்த வர்ஜீனியாவாகவே இருக்கும்; சிலர் அதற்காகவே வைத்திருக்கிறார்கள்.