நந்தா விளக்குக் கல்வெட்டில் தண்டனையைப் பிரித்தறிய

திருகோணமலை பெரியகுளம் வெல்கம் விகாரையின் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடைகள், அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கான கொடைகள், உண்டு. அவை தண்டனைகள் அல்ல. ஆனால் தமிழகத்தில், வேட்டையில் தவறி ஆளைக் கொன்றவருக்கு ஊர்ச்சபை சிலவேளை கோயிலில் இதே விளக்கை எரிப்பதைத்தான் தண்டமாக விதித்தது. இரண்டையும் குழப்புவோர் நிறையப் பேர்.

முதலில் காலைச் சாய்வெயிலில் படமெடுங்கள்; எழுத்தில் சுண்ணாம்பு தடவவே வேண்டாம், கல் கெடும். புள்ளி பெரும்பாலும் வெட்டப்பட்டிராது, மெய்யை இடம்பார்த்தே வாசிக்கவேண்டும். பிறகு, விளக்கின் நெய்க்காகக் கொடுக்கப்பட்ட ஆட்டுக்கணக்கு: ஒரு விளக்குக்கு வழக்கமாக 90 அல்லது 96 'சாவா மூவாப் பேராடு' (எண்ணிக்கை குறையாமல் பேணப்படும் ஆடுகள்), நாளொன்றுக்கு உழக்கு (ஒரு பழைய முகத்தலளவு) நெய். இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கொடையிலும் அதுவே வரும். 'எய்ய', 'குத்த', 'பட்டான்' (இறந்தான்) போன்ற வினைகளும் இறந்தவர் பெயரும் இருந்தால்தான் தண்டம்.