மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி: இழப்பீடு கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் விபத்து வழக்குகள் நடத்துவது என் தொழில். சமீபத்தில் கோர்ட் வராந்தாவில் ஒரு ஜூனியர் வக்கீல், கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம், "வண்டி நம்பர் இல்லையாம்மா? அப்ப ஒன்னும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் ஜூனியராக இருந்த காலத்தில் சொன்ன அதே பதில். அன்றைக்கும் அது தவறு, இன்றைக்கு இன்னும் பெரிய தவறு.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் இப்படி மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. ஆனால் 2022–23 நிதியாண்டில் அரசின் இழப்பீட்டுத் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 205, பணம் கிடைத்தது 95 பேருக்கு. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் கவலையோடு எடுத்துச் சொன்ன கணக்கு இது. இவ்வளவு பேர் எங்கே தவறினார்கள் என்று தேடினால், பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில்தான்.

ஹெல்மெட், 108 ஆம்புலன்ஸ் பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

டிரைவர் ஓடினால் 2 லட்சம்தான் என்று நினைப்பது

அந்த 2 லட்சத்தைத் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆவது பிரிவு, எந்த வண்டி மோதியது என்றே கண்டுபிடிக்க முடியாத விபத்துகளுக்கு மட்டும். டிரைவர் ஓடிவிட்டார், ஆனால் வண்டி நம்பர் கிடைத்துவிட்டது என்றால் அது வேறு வழக்கு. வண்டியின் உரிமையாளரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்த்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166ஆவது பிரிவில் மனு போடலாம். அங்கே உச்சவரம்பு கிடையாது. வயது, வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர் நம்பியிருந்தார்கள் என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடவும் சட்டம் இடம் தருகிறது. டிரைவரின் தவறை நிரூபிக்க வழியே இல்லையென்றாலும் 164ஆவது பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம்.

நீங்கள் போன ஆட்டோவையோ பஸ்ஸையோ அடையாளம் தெரியாத லாரி மோதியிருந்தால், உங்கள் ஆட்டோ டிரைவர் மீதும் கொஞ்சம் தவறு இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஆட்டோவின் இன்சூரன்ஸிடமே முழு இழப்பீடும் கேட்கலாம். ஓடிப்போன லாரியைத் தேடிக் காத்திருக்கத் தேவையில்லை.

'தானா விழுந்துட்டாரு' என்று சொல்வது

எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான்.

ஒரு கொத்தனார், இரவு வேலை முடிந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வீடு திரும்புகிறார். பைபாஸில் பின்னாலிருந்து ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டுப் போய்விடுகிறது. அரசு மருத்துவமனைக்கு ஓடி வருவது மச்சான். அவர் விபத்தைப் பார்க்கவில்லை. கையெல்லாம் நடுங்குகிறது. டூட்டி டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, "என்னாச்சு?" என்று கேட்கிறார். "வண்டியிலேர்ந்து விழுந்துட்டாரு சார்." டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அதை அப்படியே ஒரு வரியில் எழுதுகிறார்: இருசக்கர வாகனத்திலிருந்து தானாகத் தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. பக்கத்தில் நேரம், அழைத்து வந்தவர் பெயர், உறவுமுறை. 'ஏ.ஆர். காப்பி' என்று நாங்கள் சொல்வது இந்தப் பக்கத்தைத்தான். இங்கிருந்துதான் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது.

அடுத்த நாள் ஸ்டேஷனில் ரைட்டர் பரிவாகத்தான் பேசுவார். "நம்பர் தெரியாம கேஸ் போட்டு என்னம்மா பண்ணப் போறீங்க? தானா விழுந்ததா எழுதிக் குடுங்க, பாடி சீக்கிரம் கிடைச்சிரும்." கண்ணீரோடு நிற்கும் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், சாலையில் நடந்த சாவு எப்படி எழுதப்பட்டாலும் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடந்தே தீரும். அந்தக் கையெழுத்தால் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகாது.

அந்த வழக்கில் ஒரு வாரம் கழித்து பெட்ரோல் பங்க் கேமராவில் ஒரு டிப்பர் லாரி சிக்கியது. நம்பரும் கிடைத்தது. தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் டாக்டரைக் கூண்டில் ஏற்றி ஏ.ஆர். காப்பியைக் காட்டினார். "இந்த வரியை எழுதியது நீங்கள்தானே? நோயாளியோடு வந்தவர் சொல்லித்தானே எழுதினீர்கள்?" ஆமாம், ஆமாம். வேறு கேள்வியே கேட்கவில்லை. அதற்கப்புறம் டிப்பர் மோதியது என்று நாங்கள் சொன்னதெல்லாம் பணத்துக்காகப் பின்னால் ஜோடித்த கதையாகத் தெரிந்தது. கேமரா பதிவு, வண்டியின் பின் மட்கார்டு நசுங்கல், எல்லாவற்றையும் வைத்துப் போராடி அந்த ஒரு வரியை உடைக்க வேண்டியிருந்தது. டிப்பர் சிக்காமலே போயிருந்தால் இன்னும் மோசம். எஃப்.ஐ.ஆரில் தானாக விழுந்தார் என்று இருக்கும் குடும்பத்துக்கு 161ஆவது பிரிவு இழப்பீட்டை எந்த தாசில்தார் பரிந்துரைப்பார்?

அதனால், பார்த்தவர் சொல்லட்டும். நீங்கள் பார்க்கவில்லை என்றால் "நான் பார்க்கலை, எப்படி நடந்ததுன்னு தெரியாது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அது உண்மை, அது போதும். அடிபட்டவருக்கு நினைவு இருந்தால் அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். ஏதோ ஒரு வண்டி மோதியது உறுதியாகத் தெரிந்தால், 'அடையாளம் தெரியாத வாகனம்' என்ற சொல் பதிவாகும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

ஏற்கெனவே தவறாக எழுதியாகிவிட்டதா? நாள் கடத்தாதீர்கள். அடிபட்டவருக்கு நினைவு திரும்பியதும் நடந்ததை எழுதி, இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். முதலில் பேசியவர் சம்பவத்தைப் பார்க்காதவர் என்பதையும் அதில் சேருங்கள். நான்கு நாளில் கொடுத்த திருத்தத்தை நீதிமன்றம் நம்பும். நான்கு மாதம் கழித்துக் கொடுத்ததை நம்பவைப்பது பெரும்பாடு.

சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குப் போவது

அது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். இல்லை. ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கேமராவைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

கடைகளில் இருக்கும் கேமராக்கள் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் பழைய பதிவை அழித்துக்கொண்டே போகும். காரியம் முடிந்து வந்து பார்ப்போம் என்றால் ஒன்றும் இருக்காது. குடும்பத்தில் தெம்பாக இருக்கும் ஒருவர் மறுநாளே அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் நடந்து பங்க், டீக்கடை, மண்டபம், டோல்கேட் என்று எங்கெல்லாம் கேமரா இருக்கிறது என்று குறித்து, அந்தப் பட்டியலோடு பதிவுகளைக் கைப்பற்றச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு மனு கொடுக்க வேண்டும். முழு நம்பர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கடைசி இரண்டு எண், லோடு என்ன, தார்ப்பாய் நிறம் என்ன, இதை வைத்தே வண்டிகளைப் பிடித்திருக்கிறார்கள்.

பார்த்த சாட்சி பயப்பட்டால் 134ஏ பிரிவைச் சொல்லுங்கள். உதவிக்கு வந்தவரைப் பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அடிபட்ட வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவது

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை தொடாதீர்கள், கழுவக்கூடச் செய்யாதீர்கள். மோதிய வண்டியின் பெயின்ட் அதில் ஒட்டியிருக்கலாம்.

'வண்டி ரெடி பண்ணித் தர்றோம் சார்'

மோதாத ஏதோ ஒரு வண்டியை மோதியதாகக் காட்டி இன்சூரன்ஸ் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களின் பேச்சு இது. வேண்டாம். புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் குற்றவாளி ஆவீர்கள்.

2 லட்சத்துக்கு எங்கே போவது என்று தெரியாமல் அலைவது

வண்டி கிடைக்கவே இல்லை என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. முன்பு 25,000, 12,500 என்று இருந்தது. பல அலுவலகங்களில் இன்னும் அந்தப் பழைய தொகையையே சொல்கிறார்கள். தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விசாரணை அதிகாரி கோட்டாட்சியரோ தாசில்தாரோதான். ஆனால் விபத்து நடந்த தாலுகாவில். வெளியூரில் அடிபட்டவரின் குடும்பம் சொந்த ஊர் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்க்கிறேன். விசாரணை அதிகாரி ஒரு மாதத்தில் அறிக்கை தர வேண்டும், கலெக்டர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும், பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

எஃப்.ஐ.ஆர். போட்டு ஒரு மாதத்தில் வண்டி தெரியவில்லை என்றால், இந்தத் திட்டம் இருக்கிறது, இன்ன அதிகாரியைப் பாருங்கள் என்று போலீஸே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் அந்த 2024 உத்தரவில் சொல்லியிருக்கிறது. வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

கொடுங்காயம் என்பதில் ஒரு வார்த்தை. எலும்பு முறிவு இருந்தால் போதும். முதலில் பார்த்த மருத்துவமனையில் 'சாதாரண காயம்' என்று சான்று கொடுத்து, முறிவு பிறகு வேறு இடத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்திருந்தால், அந்த எக்ஸ்ரேயை முதல் மருத்துவமனைக்கே கொண்டுபோய்ச் சான்றைத் திருத்தி வாங்குங்கள்.

வீட்டு பீரோவைத் திறந்து பார்க்காதது

இறந்தவர் தன் பெயரில் ஆர்.சி. இருக்கும் வண்டியைத் தானே ஓட்டிவந்தாரா, லைசென்ஸ் இருந்ததா என்று பாருங்கள். பாலிசியில் 'உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு' என்று பிரீமியம் கட்டியிருந்தால், நாமினிக்கு 15 லட்சம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றைத் தொடர்ந்து 2018இல் உயர்த்திய தொகை இது. மோதியது யார் என்பதே இங்கே கேள்வி இல்லை. 161இல் 2 லட்சம் வாங்கிக்கொண்டு இதை அப்படியே விட்ட குடும்பங்கள் உண்டு. வண்டி அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டியிருந்தால் இது கிடைக்காது.

அப்புறம் பாஸ்புக். மே, ஜூன் பக்கத்தில் 20 ரூபாய் பிடித்தம் ஒன்று இருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா. விபத்துச் சாவுக்கு 2 லட்சம். கிளை மேலாளரிடம் உடனே எழுதிக் கொடுங்கள்.

பணம் வாங்கிவிட்டால் வழக்குப் போட முடியாது என்று பயப்படுவது

முடியும். 2 லட்சம் வாங்கிய பிறகு வண்டி பிடிபட்டால் தீர்ப்பாயத்துக்குத் தாராளமாகப் போகலாம். அங்கே கிடைக்கும் தொகையிலிருந்து இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு எழுதி வாங்கும் உறுதிமொழி அதற்காகத்தான். அதைப் பார்த்துப் பயந்து மனுவைத் திரும்ப எடுத்து வராதீர்கள். தீர்ப்பாய மனுவுக்கு விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று 2022 முதல் கெடு இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போயிருக்கிறது, ஆனால் வரப்போகும் தீர்ப்பை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். நம்பர் கிடைத்த வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள்.