உறைக் கிணற்றுத் தண்ணீரை எப்படிப் பராமரிப்பது?

சென்னை புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கிணறு மூன்றடி அகலம், சிமென்ட் உறை இறக்கியது. தெருவில் பாதிப் பேர் கிணற்றை மூடி அதன்மேல் பைக் நிறுத்துகிறார்கள். நாங்கள் மூடவில்லை. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். குடிக்க மட்டும் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர், அதையும் காய்ச்சித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே சொல்வதெல்லாம் புழங்குகிற தண்ணீருக்கு. கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். நம் பக்கம் பல மனைகளின் நீளமே அவ்வளவு வராது. நம் வீட்டில் தொட்டி இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் எங்கே இருக்கிறதோ, எந்தச் சாக்கடைக் குழாய் ஒழுகுகிறதோ!

சரி, தண்ணீர் கெட்டால் என்ன செய்கிறோம்? யாரைக் கேட்டாலும் "பிளீச்சிங் பவுடர் போடு" என்பார்கள். அது கிருமியைக் கொல்லும். உப்பைக் குறைக்காது, இரும்பை எடுக்காது, எண்ணெயை ஒன்றும் செய்யாது. அதனால் முதல் வேலை, கெட்டது எது என்று பார்ப்பது.

ஒரு வெள்ளை வாளி போதும்

காலையில் வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து மறுநாள் வரை அப்படியே வையுங்கள். இறைக்கும்போது தெளிவாக இருந்து, பிறகு மஞ்சளாகி அடியில் துருப்போல் படிந்தால் இரும்பு. பிடிக்கும்போதே கலங்கி, அடியில் சேறு படிந்தால் மண். சோப்பு நுரைக்காமல் திரிந்தால் கடினத்தன்மை. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அடியில் சகதி சேர்ந்திருக்கலாம், சாக்கடையும் கலந்திருக்கலாம்.

பெட்ரோல், டீசல் வாடை வந்தாலோ மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தாலோ விளையாட வேண்டாம். மோட்டாரைப் போடாதீர்கள், அருகில் தீக்குச்சி உரசாதீர்கள், உடனே மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரில் டீசல் கலந்தது. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

உப்பை அளக்க டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. மீட்டர் குறைவாகக் காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்காதீர்கள், கிருமியை அது காட்டாது. அதற்குப் பரிசோதனைக்கூடம்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் பரிசோதனை உண்டு. கிருமி நீக்கிய பாட்டிலை எங்கே வாங்குவது, எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சோடா பாட்டிலில் பிடித்துப் போனால் பாட்டிலின் அழுக்குக்குத்தான் ரிசல்ட் வரும்.

கிணற்றுக்கு வெளியே உள்ள வேலை

கைப்பிடிச் சுவர் இரண்டரை, மூன்றடி உயரம் இருக்கட்டும். சுற்றிலும் வெளிப்பக்கம் சரிவாகச் சிமென்ட் தளம் போடுங்கள். மேலிருந்து பத்தடி வரை உறைகளின் இணைப்பைச் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும், தெருக் கழிவு அந்த வழியாகத்தான் கசியும். கிணற்றின் வாயில் கொசுவலை கட்டுங்கள். சென்னையில் மலேரியா பரப்பும் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான் முட்டையிடும். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதும் நல்லது.

தூர் எடுக்க நீங்களே இறங்காதீர்கள். அடியில் விஷவாயு நிற்கலாம், காற்றே இல்லாமலும் இருக்கலாம். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் சாவது வழக்கமாக நடப்பது. பாதுகாப்புச் சாதனம் வைத்திருக்கும் ஆட்களிடம் விடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் அளவு

முதலில் மீன்களை வாளியில் பிடித்து வெளியே எடுங்கள். நான் முதல் தடவை மறந்து, மறுநாள் காலை எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

கணக்கு எளிது. கிணற்றின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து, அகலத்தை அதனாலேயே பெருக்கி, ஆழத்தாலும், பிறகு 22 ஆலும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் கிணற்றில் பத்தடித் தண்ணீர் இருந்தால் 3 × 3 × 10 × 22, அதாவது 1980 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்றால் எங்களுக்கு 5 கிராம். ரொம்பக் கொஞ்சம்தான். கையால் அள்ளிப் போடுகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

தண்ணீர் கலங்கல் என்றால் முதலில் தெளிய வையுங்கள், சேற்றோடு போட்டால் மருந்தைச் சேறே தின்றுவிடும். பாட்டிகள் பானையில் தேற்றாங்கொட்டை உரசியது இந்த வேலைக்குத்தான்.

பவுடரைக் கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழையுங்கள். பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குப் போகக் கூடாது. அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக, பக்கவாட்டிலும் நன்றாக ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. பிறகு குளோரினை அளக்கும் கிட்டில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னொரு தடவை. பாக்கெட் பழையதென்றால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். ஆசிட்டோடு மட்டும் சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்குள் இறங்கியது. அப்படி ஆனால் கணக்கு வேறு. முதலில் இறைத்துக் கொட்டி, பிறகு ஊறிய தண்ணீரில் ஆயிரம் லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை இதே முறையில் போட்டு, இரவு முழுதும் விட்டு, வாடை போகும்வரை மறுபடி இறைத்துக் கொட்ட வேண்டும். அந்த நீரைச் செடிக்கு விடாதீர்கள்.

உப்புக்கு மழைதான்

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி குறைந்தால், அடியில் உப்பு நாற்பதடி வரை மேலேறப் பார்க்கும். அதனால் மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அப்புறம் மொட்டை மாடி. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. 500 சதுர அடி மாடியில் விரயம் போக ஐம்பதாயிரம் லிட்டர் தேறும். முதல் மழையை வெளியே விட்டு மாடி கழுவிப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து குழாயை கூழாங்கல், ஜல்லி, மணல் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்புங்கள். மணலை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அலசிக் காயவைத்து விடுவோம், மழைக்காலம் தொடங்கியபின் அதற்கு நேரம் இருக்காது.

மீன்களைத் திரும்ப விடுவதற்கு முன் குளோரின் கிட்டில் ஒரு தடவை பாருங்கள். துளியும் காட்டாதபோதுதான் விடலாம்.