கோணேசர் மலையிலிருந்து நிலாவெளி வரை: தொல்லிடங்கள் வழியே ஒரு சைக்கிள் சுற்று

திருகோணமலைக்கு வருபவர்களிற் பெரும்பாலானோர் கோணேசர் மலையையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நகரிலிருந்து வடமேற்கே கன்னியாவுக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே பெரியகுளத்தை அடைந்து, கிழக்கே நிலாவெளி வீதிக்குத் திரும்பி மீண்டும் நகருக்கு வரும் சுற்று ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரமுடையது. நிலம் பெரும்பாலும் சமதரையாக இருப்பதால் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே இதற்குப் போதும்.

இச்சுற்றை முதலில் கன்னியாவுக்கும் கடைசியில் நிலாவெளி வீதிக்கும் வரும் திசையிலேயே ஓட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உட்பகுதியில் நிழலும் கடைகளும் குறைவாக இருப்பதால், அதனைக் காலையிலேயே கடந்துவிடுவது உடலுக்கு நல்லது. வெயில் ஏறும் வேளையில் கடையும் இளநீரும் கிடைக்கும் கரையோர வீதியில் இருப்பீர்கள். ஐப்பசி முதல் தை வரை மழைக்காலம். அதன் பின்னர் ஆவணி வரை பாதை பெரும்பாலும் உலர்ந்திருக்கும். வைகாசிக்குப் பின் வீசும் கச்சான் என்னும் வறண்ட காற்று முற்பகலிற் சூடேறி மேற்கிலிருந்து முகத்தில் அறையும் என்பதும் காலையிற் புறப்படுவதற்கு ஒரு காரணமாகும். ஆயினும் விடியுமுன் புறப்பட வேண்டாம். கன்னியாவுக்கு அப்பாலுள்ள பற்றைக்காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக வெளிச்சம் வந்த பின்னரே அப்பகுதிக்குள் நுழைய வேண்டும்.

தொடக்கம் கோணேசர் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள பிரட்றிக் கோட்டை வாசல். 1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டை இது. வாசலில் இறங்கிச் சைக்கிளை உருட்டிச் செல்லுங்கள். நிலைக்கல்லிற் பொறித்த இரட்டைக் கயல் மீன்களையும், அதனருகே சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் ஓடும் சைக்கிளிலிருந்து பார்க்க முடியாது. குளக்கோட்டன் என்னும் மன்னன் இவ்வாலயத்துக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் (போர்த்துக்கேயர்) குலைப்பர் என்னும் பொருள்பட அவ்வரிகள் படிக்கப்படுகின்றன. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அப்பக்கம் படம் எடுக்கலாகாது. மலையேற்றம் குறுகியதுதான். ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் பாடிய தலத்தில், இன்றுள்ள ஆலயத்தின் குடமுழுக்கு 1963 இல் நடந்தது. தோளையும் முழங்காலையும் மூட ஒரு சாரமோ சால்வையோ பையில் இருக்கட்டும். மேலும் இரண்டு இடங்களில் அது தேவைப்படும்.

அடுத்துவரும் அநுராதபுரம் வீதியில் பாரவூர்திகளும் பேருந்துகளும் வேகமாகச் செல்வதால், ஒருவர் பின் ஒருவராக இடது ஓரத்தைப் பிடித்து ஓட வேண்டும். இச்சுற்றில் அவதானம் மிகவும் தேவைப்படும் பகுதி இதுவே. நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றரில் இடப்புறம் பிரியும் சிறு பாதை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கொண்டு செல்லும். சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு கிணறுகள் அருகருகே இருந்தும் ஒவ்வொன்றின் நீரும் ஒவ்வொரு சூட்டில் இருப்பதைக் கையை வைத்தே அறியலாம். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் இவை என்பது ஐதீகம். இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்காக இன்றும் குடும்பங்கள் இங்கு வருகின்றன. அவ்வாறு வந்தவர்கள் நிற்கும்போது படக்கருவியைப் பையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே முறை.

பிரதான வீதிக்கு மீண்டு வடக்கே செல்லும் பாதையிற் பெரியகுளத்தை அண்டியுள்ள வெல்கம் விகாரையை அடையலாம். நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறெங்காவது பிடியுங்கள். இங்கே ஒரு மணித்தியாலமாவது தங்க வேண்டும். சோழர் ஆட்சியில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற இப்பௌத்தப் பள்ளியைத் தமிழ் மக்கள் நாதனார் கோவில் என்று வழங்கினர். பதினொராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கெரிப்பதற்காகப் பசுக்களையும் பிறவற்றையும் கொடையளித்தவர்களைப் பதிந்து வைத்திருக்கின்றன. தமிழர் சிலர் பௌத்தராக வாழ்ந்து கொடை கொடுத்த ஊர் இது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. எழுத்துகளைக் காண்பதற்குக் காலைச் சாய்வெயிலே ஏற்றது. உச்சி வெயிலிற் கீறல்கள் மங்கிப்போகும். விரலாலோ சோக்காலோ தடவுதல் கூடாது.

சைக்கிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளக்கட்டை அண்டிய பாதையோரங்களில் நெருஞ்சி படர்ந்திருப்பதால், சைக்கிளைப் புல்லிற் சாய்க்காமல் தாரிலோ கல்லிலோ நிறுத்துங்கள். புறப்படுமுன் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி இரண்டு ரயர்களையும் பாருங்கள். முள் மேலே தெரியும்போதே நகத்தாற் கிள்ளி எடுத்துவிட்டால் ரியூப் தப்பிவிடும். உட்பாதையில் ஒட்டுப்போடும் கடையை நம்ப முடியாது. மாற்று ரியூப் ஒன்று, கைப்பம்பு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் ஆகியன கட்டாயம் வேண்டும்.

பெரியகுளத்திலிருந்து நிலாவெளிப் பக்கம் செல்லும் வழியை ஊரவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு போவது நல்லது. மழைக்குப் பின் எந்தப் பாதையில் நீர் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நிலாவெளி வீதியில் தெற்கே திரும்பிச் சாம்பல்தீவு, உப்புவெளி வழியாக நகரை அடையலாம். இவ்வீதியிலுள்ள போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அப்போரின்போது ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கின. களைத்திருந்தாலும் கால் மணி நேரம் இங்கு இறங்கலாம்.

சிறுவர்களுடன் செல்பவர்கள் முழுச் சுற்றையும் ஒரே நாளில் முயல வேண்டியதில்லை. கோட்டையும் கன்னியாவும் ஒரு காலைக்கும், நிலாவெளியிலிருந்து பெரியகுளம் சென்று அதே வழியில் மீள்வது மற்றொரு காலைக்கும் சரியாக இருக்கும்.